தண்ணீர்த் தொட்டி டைல்ஸ் மெஷின்: தூசியை அடக்குவோம், கரண்டை ஒதுக்குவோம்



கொஞ்ச நாளாகவே குழுக் கூட்டங்களில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. "டைல்ஸ் வெட்டுற மெஷின் வாங்க குழுவுல கடன் தருவீங்களா?" என்பதுதான் அந்தக் கேள்வி. கேட்பவர்கள் எல்லாம் கட்டட வேலைக்குப் போகும் நம் உறுப்பினர்கள். பத்து வருடம், பதினைந்து வருடம் சித்தாளாக இருந்து கலவை சுமந்தவர்கள். இனி கொத்தனார் பக்கத்தில் நின்று எடுத்துக் கொடுக்கும் வேலை மட்டும் வேண்டாம், நாமே டைல்ஸ் பதிக்கலாமே என்று யோசிக்கிறார்கள். நல்ல யோசனை. டைல்ஸ் பதிப்பது பெரும்பாலும் சதுர அடிக் கணக்கில் கூலி பேசும் வேலை. சுமை குறைவு, கவனம் அதிகம். கோலம் போடும் கைக்கு நேர்கோடும் அளவும் புதிது இல்லை.

ஆனால் இந்த மெஷினில் மூன்று விஷயங்கள் ஒன்றாகச் சேர்கின்றன: கரண்ட், தண்ணீர், வேகமாகச் சுற்றும் பிளேடு. மூன்றையும் புரிந்துகொண்ட பிறகுதான் கடன் மனுவில் கையெழுத்துப் போடணும். அதனால் இந்த இதழில் விவரமாகவே எழுதுகிறோம். படிக்கத் தெரிந்தவர் கூட்டத்தில் மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

இது என்ன மெஷின்?

டைல்ஸ் வெட்ட மூன்று வழி இருக்கிறது.

ஒன்று, கையால் கீறி உடைக்கும் கட்டர். இதற்குக் கரண்ட் வேண்டாம், தூசியும் மிகக் குறைவு. நேராக வெட்டுவதற்கு இதுவே போதும். மெல்லிய சுவர் டைல்ஸுக்கு நன்றாக வரும். ஆனால் "எல்" வடிவத்தில் வெட்ட முடியாது. ஓரத்தில் மெல்லிசாக ஒரு பட்டை எடுக்கவும் கஷ்டம்.

இரண்டாவது, கையில் பிடித்து வெட்டும் கட்டிங் மெஷின். மார்பிள் கட்டர் என்று சொல்வார்கள். 4 அங்குல பிளேடு. நம் ஊர்ப்பக்கம் அதிகம் ஓடுவது இதுதான். காய்ந்த டைல்ஸில் வைத்து வெட்டினால் வெள்ளைப் புகை மாதிரி தூசி கிளம்பும், பார்த்திருப்பீர்கள்.

மூன்றாவதுதான் நாம் பேசப் போகிற மெஷின். மேசை மாதிரி ஒரு தட்டு. தட்டின் நடுவில் பிளேடு எட்டிப் பார்க்கும். கீழே ஒரு தண்ணீர்த் தொட்டி. பிளேடின் அடிப்பாகம் தண்ணீரில் நனைந்தபடியே சுற்றும். மெஷின் நிலையாக இருக்கும். டைல்ஸைத்தான் நாம் மெதுவாகத் தள்ளிக் கொடுக்கணும். சின்ன மெஷின்களில் பிளேடு பெரும்பாலும் 7 அங்குலம், அதாவது 180 மி.மீ. சாதாரண வீட்டுக் கரண்டிலேயே, 230 வோல்ட்டில், ஓடும்.

பிளேடில் ரம்பம் மாதிரி பல் இருக்காது. அதன் விளிம்பில் பொடிப் பொடியாக வைரத் துகள் பதித்திருக்கும். அது தேய்த்துத் தேய்த்துத்தான் வெட்டுகிறது. தேய்த்தால் சூடு வரும், தூசி வரும். தண்ணீர் அந்த இரண்டையும் அடக்குகிறது. சூடு அடங்கினால் பிளேடு அதிக நாள் உழைக்கும். தூசி அடங்கினால் நாம் அதிக நாள் உழைக்கலாம்.

தூசி யார் நெஞ்சில் போய் விழுகிறது?

டைல்ஸ் என்பது களிமண், வெங்கச்சங்கல் மாவு எல்லாம் சேர்த்து சூளையில் சுட்டது. வெங்கச்சங்கல்லில் இருப்பது சிலிகா. ஆற்று மணலிலும் கிரானைட் கல்லிலும் இருப்பது இதேதான். மணலாகக் கிடக்கும் வரை அதனால் ஆபத்தில்லை. மெஷினில் வெட்டும்போது அது கண்ணுக்கே தெரியாத அளவுக்குப் பொடியாகிறது. கண்ணுக்குத் தெரிகிற தூசி கீழே விழுந்துவிடும். கண்ணுக்குத் தெரியாததுதான் வெகுநேரம் காற்றில் மிதந்து, மூச்சோடு நுரையீரலின் அடிவரைக்கும் போகிறது.

அங்கே போன தூள் திரும்பி வராது. நுரையீரலில் தழும்பு விழுகிறது. இந்த நோய்க்கு சிலிகோசிஸ் என்று பெயர். பொதுவாக 10 வருடத்துக்கு மேல் தூசியில் வேலை செய்தவர்களுக்கு வருகிறது. தூசி மிக அதிகமாக இருந்தால் சில வருடங்களிலேயே வந்துவிடும். முதலில் இருமல். பிறகு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். விழுந்த தழும்பை எந்த மருந்தாலும் எடுக்க முடியாது. சிலிகோசிஸ் இருப்பவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பும் அதிகம். காசநோய் மாதிரியே அறிகுறி தெரிவதால் இரண்டையும் மாற்றி நினைப்பதும் உண்டு. அதனால் ஆஸ்பத்திரிக்குப் போனால் "இருமல்" என்று மட்டும் சொல்லாதீர்கள். "கல் வெட்டுற, டைல்ஸ் வெட்டுற இடத்துல இத்தனை வருஷமா வேலை பாக்குறேன்" என்று டாக்டரிடம் சொல்லுங்கள்.

இது எங்கோ வெளிநாட்டில் நடக்கும் சங்கதி இல்லை. குஜராத்தின் காம்பாட் ஊரில் வீட்டுக்குள்ளேயே கல் மணிக்குப் பட்டை தீட்டிய குடும்பங்களும், மத்தியப் பிரதேசத்தின் மந்த்சோரில் சிலேட்டுக் குச்சி அறுத்த தொழிலாளர்களும் இந்த நோயால் பாதிக்கப்பட்டவர்கள். ராஜஸ்தானில் கல் குவாரித் தொழிலாளர்கள் நிறையப் பேர் பாதிக்கப்பட்டதால், அந்த மாநில அரசு 2019ல் இதற்காகவே தனிக் கொள்கை கொண்டு வந்தது.

ஒன்றை நன்றாகக் கவனியுங்கள். வெட்டுபவர் அரை மணி நேரம் வெட்டிவிட்டு எழுந்து போய்விடுவார். விழுந்த தூளைப் பெருக்கி, கூடையில் அள்ளிக் கொட்டுவது யார்? நம் சித்தாள் சகோதரிதான். காய்ந்த தூளைத் துடைப்பத்தால் பெருக்கும்போது அது மறுபடி காற்றில் எழும்புகிறது. பக்கத்துத் தூணில் தூளி கட்டி குழந்தையைப் போட்டிருந்தால் குழந்தையும் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறது. மெஷினைத் தொடாதவளுக்கும் இந்த நோய் வரும் என்பதால்தான், டைல்ஸ் வேலை கற்கப் போகிறவர்கள் மட்டுமல்ல, கட்டட வேலைக்குப் போகும் எல்லா உறுப்பினர்களும் இதைத் தெரிந்துகொள்ளணும் என்கிறோம். சுவர் இருந்தால்தானே சித்திரம்!

தண்ணீர் ஊற்றி வெட்டினால் தூசியில் பெரும்பகுதி தண்ணீரோடு சேறாகி தொட்டியில் தங்கிவிடும். ஆனால் முழுவதும் அடங்கிவிடாது. தெறிக்கிற சாரலிலும் கொஞ்சம் தூள் இருக்கும். அதனால் திறந்த வெளியில் வைத்து வெட்டுங்கள். சாரல் முகத்துக்கு வராதபடி காற்றின் திசை பார்த்து நில்லுங்கள். முகத்தை ஒட்டிப் பிடிக்கும் என்95 மாஸ்க் போடுங்கள். முந்தானையையோ கைக்குட்டையையோ கட்டினால் பெரிய தூசி மட்டும்தான் நிற்கும். நெஞ்சுக்குள் போகிற பொடித் தூசி துணிக்குள் புகுந்து வந்துவிடும்.

தண்ணீரும் கரண்டும்

ஈரமான கையிலும் ஈரமான தரையிலும் கரண்ட் சுலபமாகப் பாயும். தண்ணீர் மெஷினில் நம் கை, கால், தரை எல்லாமே ஈரம். ஆகவே இந்த ஐந்தையும் கட்டாயம் கடைப்பிடிக்கணும்.

1. கட்டடம் கட்டும் இடத்தில் வயரின் முனையைச் சீவி, பிளக் பாயிண்ட்டில் சொருகி, தீக்குச்சி வைத்து அடைப்பதைப் பார்த்திருக்கிறோம். தண்ணீர் மெஷினுக்கு அது ஒருநாளும் கூடாது. மூன்று முள் உள்ள பிளக், எர்த் வேலை செய்யும் பாயிண்ட், இரண்டும் இருந்தால் மட்டுமே மெஷினைப் போடணும்.

2. ஆர்.சி.சி.பி. என்ற பாதுகாப்பு சுவிட்ச் வழியாகத்தான் கரண்ட் எடுக்கணும். 30 மில்லி ஆம்பியர் என்று போட்டிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். அது என்ன செய்யும் தெரியுமா? நம் குழுக் கணக்காளர் மாதிரி வேலை பார்க்கும். போன கரண்ட் அத்தனையும் திரும்பி வந்ததா என்று ஒவ்வொரு நொடியும் சரிபார்க்கும். கணக்கு உதைத்தால், அதாவது கொஞ்சம் கரண்ட் நம் உடம்பு வழியாகத் தரைக்குப் போனால், கண் சிமிட்டும் நேரத்தில் கரண்டை நிறுத்திவிடும். வீட்டில் இருக்கும் சாதாரண எம்.சி.பி. இதைச் செய்யாது. அது வயர் சூடாகி எரியாமல் காப்பதற்கு; ஆளைக் காப்பதற்கு இல்லை. வேலை செய்யும் எல்லா இடத்திலும் ஆர்.சி.சி.பி. இருக்காது. அதனால் எலக்ட்ரீஷியனிடம் சொல்லி, அதைப் பொருத்திய எக்ஸ்டென்ஷன் பெட்டி ஒன்று செய்து மெஷினோடு எடுத்துப் போங்கள். அதில் "டெஸ்ட்" என்று ஒரு பட்டன் இருக்கும். தினமும் வேலை தொடங்கும் முன் அமுக்கிப் பாருங்கள். சுவிட்ச் விழணும். விழவில்லை என்றால் அன்று வேலை இல்லை.

3. வயர் பாயிண்ட்டிலிருந்து நேராக மெஷினுக்கு இழுத்தபடி இருக்கக் கூடாது. நடுவில் பாயிண்ட்டை விடத் தாழ்வாக, தூளி மாதிரி தொங்கட்டும். வயரில் வழியும் தண்ணீர் அந்தத் தாழ்வில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. எக்ஸ்டென்ஷன் பெட்டி தரையில் கிடக்கக் கூடாது. உயரத்தில் மாட்டுங்கள்.

4. தொட்டியில் தண்ணீர் ஊற்றும்போதும், மாற்றும்போதும், பிளேடு கழற்றும்போதும் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கையே பிடுங்கிவிடணும். ஈரக் கையோடு பிளக்கைத் தொடக் கூடாது. இடுப்பில் காய்ந்த துணி ஒன்று எப்போதும் இருக்கட்டும்.

5. காலில் ரப்பர் பூட்ஸ் அல்லது நல்ல ரப்பர் செருப்பு. வெறுங்காலோடு நிற்க வேண்டாம்.

யாருக்காவது ஷாக் அடித்துவிட்டால் ஓடிப் போய்த் தொடாதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள். அணைக்க முடியாவிட்டால் காய்ந்த மரக்கட்டையால் வயரைத் தள்ளி விடுங்கள். உடனே 108க்குப் போன் செய்யுங்கள்.

உடையும் நகையும்

சுற்றும் பிளேடுக்கு முந்தானையும் தெரியாது, மல்லிகைச் சரமும் தெரியாது. தொங்குகிற எதையும் இழுத்துச் சுற்றிக்கொள்ளும். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போட்டுக்கொள்ளும் நம் வழக்கம் இங்கே ரொம்ப நல்லது. முந்தானையைச் சட்டைக்குள் செருகி பட்டன் போட்டுக்கொள்ளுங்கள். கை நீளமாக இருந்தால் முழங்கைக்கு மேல் இறுக்கமாக மடியுங்கள். தாலிக்கொடியைச் சட்டைக்குள் போடுங்கள். வளையலைக் கழற்றி வையுங்கள். ஜடையைத் தொங்க விடாமல் கொண்டை போட்டு துணி கட்டுங்கள். துணிக் கையுறை வேண்டாம், அதன் நூல் பிளேடில் மாட்டும். கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்கு அடைப்பான் இரண்டும் அவசியம். இரண்டும் மெஷினோடு சேர்த்து வாங்க வேண்டிய பொருள்கள்தான். பிறகு பார்த்துக்கலாம் என்று விட்டுவிடாதீர்கள்.

புது மெஷின் வந்த முதல் நாள்

பெட்டியைப் பிரித்ததும் வேலையில் இறங்கிவிட வேண்டாம். பட்டியலைப் பார்த்து எல்லாச் சாமானும் இருக்கிறதா என்று சரிபாருங்கள். உத்தரவாத அட்டையில் கடை முத்திரை இருக்கணும்.

மெஷினைச் செங்கல் அடுக்கி அதன் மேல் வைக்காதீர்கள். ஆடாத மேசை மேல், இடுப்பு உயரத்தில் இருந்தால் முதுகு வலிக்காது.

பிளக் சொருகாத நிலையிலேயே பிளேடை மாட்டுங்கள். பிளேடில் அம்புக்குறி இருக்கும். மெஷினிலும் சுற்றும் திசை போட்டிருக்கும். இரண்டும் ஒரே பக்கம் பார்க்கணும். நிமிடத்துக்கு எத்தனை சுற்று வரை தாங்கும் என்று பிளேடில் எழுதியிருக்கும். அது மெஷினின் சுற்றை விடக் கூடுதலாக இருக்கணும். டைல்ஸுக்கு, விளிம்பில் வெட்டு இல்லாமல் தொடர்ச்சியாக இருக்கும் பிளேடு நல்லது, ஓரம் பிசிறு அடிக்காது. நட்டு சில மெஷின்களில் எதிர்ப்பக்கம் திருகினால்தான் கழலும். பலத்தைக் காட்டும் முன் கூட வந்த குறிப்பைப் பாருங்கள்.

பிளேடைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். எங்கும் உரசக் கூடாது. மேல் மூடியை மாட்டுங்கள். வேலைக்கு இடைஞ்சல் என்று மூடியைக் கழற்றி எறிபவர்கள் உண்டு. சாரலையும், உடைந்து தெறிக்கும் துண்டையும் முகத்துக்கு வராமல் தடுப்பது அதுதான்.

தொட்டியில் போட்டிருக்கும் கோடு வரை நல்ல தண்ணீர் ஊற்றுங்கள். கடைசியாகத்தான் பிளக். டைல்ஸ் இல்லாமல் ஒரு நிமிடம் ஓடவிட்டு, பக்கவாட்டில் நின்று பாருங்கள். பிளேடு நனைகிறதா, ஆட்டம் இருக்கிறதா, வேறு சத்தம் வருகிறதா? சந்தேகம் என்றால் அணைத்துவிடுங்கள்.

முதல் வாரம் முழுவதும் உடைந்த டைல்ஸில்தான் பழகணும். டைல்ஸ் கடையில் உடைந்தது கிடைக்கும். அனுபவமுள்ள டைல்ஸ் கொத்தனார் ஒருவரை நாள் கூலி கொடுத்து வரவழைத்து, பக்கத்தில் நிறுத்திக் கற்றுக்கொள்ளுங்கள். அந்தக் கூலியையும் திட்டச் செலவில் சேர்க்கலாம்.

அளவு சரியாக இருந்தால் பாதி வேலை முடிந்தது

முதலில் எத்தனை டைல்ஸ் வேண்டும் என்ற கணக்கு. 5 அடிக்கு 4 அடி கழிப்பறை என்று வைத்துக்கொள்வோம். தரை 20 சதுர அடி. ஒரு அடி டைல்ஸ் என்றால் 20. சுவருக்கு 4 அடி உயரம் பதிக்கணும். சுற்றளவு 18 அடி. கதவுக்கு இரண்டரை அடி கழித்தால் 15.5 அடி. நாலால் பெருக்கினால் 62 சதுர அடி. 12 அங்குலத்துக்கு 18 அங்குல டைல்ஸ் ஒன்று 1.5 சதுர அடி. எனவே 42 டைல்ஸ். வெட்டுவதிலும் உடைவதிலும் போவதற்குப் பத்தில் ஒரு பங்கு கூட்டினால் தரைக்கு 22, சுவருக்கு 46. இந்தக் கணக்கைக் கையில் வைத்திருந்தால் வீட்டுக்காரரிடம் தைரியமாகப் பேசலாம்.

அடுத்து வெட்ட வேண்டிய துண்டின் அளவு. தரை அகலம் 1390 மி.மீ. டைல்ஸ் 300 மி.மீ. இடைவெளி 2 மி.மீ. இரண்டு சுவர் ஓரமும் 3 மி.மீ. விடுகிறோம். முழு டைல்ஸ் நாலுக்கு 1200, நாலு இடைவெளிக்கு 8, இரு ஓரத்துக்கு 6. மொத்தம் 1214. 1390ல் கழித்தால் 176. வெட்ட வேண்டிய துண்டு 176 மி.மீ. இடைவெளியை மறந்து 190 என்று வெட்டினால் உட்காராது.

சுவர் எப்போதும் நேராக இருக்காது. ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு முனையிலும் அளவு எடுங்கள். பென்சிலால் கோடு போட்டு, அதன் மேல் பேப்பர் டேப் ஒட்டி மறுபடி கோடு போட்டால் தண்ணீரில் அழியாது, ஓரமும் பிசிறாது. பிளேடே சுமார் 2 மி.மீ. தின்றுவிடும். எனவே கோட்டின் மேல் வெட்டாமல், வேண்டாத துண்டின் பக்கமாக வைத்து வெட்டணும்.

வெட்டும் முறை

- டைல்ஸின் பளபளப்பான முகம் மேலே இருக்கணும்.
- பிளேடுக்கு நேர் எதிரே நிற்காமல் அரை அடி தள்ளி நில்லுங்கள். துண்டு தெறித்தால் நேராகத்தான் வரும்.
- மெஷினைப் போட்டு, பிளேடு முழு வேகம் பிடித்து நனைந்த பிறகு டைல்ஸைக் கொண்டு போங்கள்.
- கோட்டுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு கை. விரல்கள் பிளேடிலிருந்து குறைந்தது ஒரு கையளவு தள்ளியே இருக்கட்டும். சின்னத் துண்டைக் கையால் தள்ளாமல் மரக்குச்சியால் தள்ளுங்கள்.
- தள்ளும் வேகத்தை மெஷின் சத்தமே சொல்லும். சத்தம் கனத்து இறங்கினால் அவசரப்படுகிறோம் என்று அர்த்தம். பதறாத காரியம் சிதறாது.
- டைல்ஸைத் திருகாதீர்கள். கைடு பட்டைக்கும் பிளேடுக்கும் நடுவே இறுகிக்கொண்டால் நம் பக்கமே தூக்கி எறியும்.
- கடைசி ஒரு அங்குலத்தில்தான் மூலை உடையும். அதனால் முதலில் ஒரு முனையில் ஒரு அங்குலம் வெட்டி வெளியே எடுத்து, டைல்ஸைத் திருப்பி மறு முனையிலிருந்து வெட்டி வந்து சேர்த்துவிடுங்கள். மூலை தப்பிக்கும்.
- "எல்" வடிவம் என்றால் இரண்டு கோட்டையும் மூலைக்குச் சற்று முன்னாலேயே நிறுத்தி, மீதியைக் கொறடால் மெல்லக் கிள்ளி எடுங்கள். வட்ட பிளேடு என்பதால் மேலே நின்ற இடமும் அடியில் நின்ற இடமும் ஒன்றாக இருக்காது. அடிப்பக்கத்தையும் பாருங்கள்.
- வெட்டிய துண்டை எடுக்கும் முன் அணைத்து, பிளேடு நிற்கும் வரை பொறுத்திருங்கள்.

வேலை முடிந்த பிறகு

தொட்டியில் சேறு கட்டியிருக்கும். வெட்டும்போதே தண்ணீர் பால் மாதிரி கெட்டியானால் மாற்றிவிடணும். அழுக்குத் தண்ணீரில் தெறிக்கும் சாரலிலும் அதே சிலிகாதான். மாற்றிய தண்ணீரை வாஷ்பேசினிலோ சாக்கடையிலோ ஊற்றினால் சேறு இறுகி அடைத்துக்கொள்ளும். ஒரு வாளியில் தெளியவிட்டு, மேல் தண்ணீரை வெளியே ஊற்றி, சேறு ஈரமாக இருக்கும்போதே சாக்குப் பையில் கட்டிப் போட்டுவிடுங்கள். காயவிட்டுப் பெருக்கினால் அத்தனை பாடும் வீண். தரையையும் ஈரத் துணியால்தான் துடைக்கணும். வேலைச் சட்டையை வீட்டுக்குள் உதறாமல் நேரே தண்ணீரில் முக்குங்கள்.

பிளேடு வெட்டாமல் திணறினால் தூக்கி எறிய வேண்டாம். வைரத் துகளை மறைத்துப் பூச்சு படிந்திருக்கும். செங்கல்லில் இரண்டு மூன்று முறை தண்ணீரோடு வெட்டினால் பூச்சு தேய்ந்து புது வைரம் வெளியே வரும்.

உறுப்பினர்கள் கேட்டவை

*"கை மெஷினிலேயே பாட்டில்ல ஓட்டை போட்டு தண்ணி ஊத்திக்கிட்டு வெட்டுறாங்களே, அது போதாதா அக்கா?"*

போதாது, ஆபத்தும்கூட. தண்ணீருக்கென்று செய்யாத கை மெஷினில் மோட்டாருக்குள் தண்ணீர் போகும். வெட்டுபவருக்கும் ஷாக் அடிக்கும், குனிந்து ஊற்றும் சித்தாளுக்கும் அடிக்கும். தண்ணீர்க் குழாய் இணைப்போடு கம்பெனியே செய்து தரும் கை மெஷின்கள் உண்டு. அதையும் ஆர்.சி.சி.பி. வழியாகத்தான் ஓட்டணும்.

*"வைர பிளேடு விரலை வெட்டாதுன்னு சொல்றாங்களே?"*

நம்பாதீர்கள். கல்லையே தேய்த்து வெட்டுவதற்கு விரல் எம்மாத்திரம்?

*"சமையல் மேடைக்குப் போடுற குவார்ட்ஸ் கல்லை இதுல வெட்டலாமா?"*

செயற்கையாகச் செய்யும் அந்தக் கல்லில் பத்தில் ஒன்பது பங்கு கூட சிலிகா இருக்கலாம். அதை வெட்டிய இளம் வயதுத் தொழிலாளர்கள் பலருக்கு நோய் வந்ததால், ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அந்தக் கல்லைத் தடை செய்துவிட்டது. அந்த வேலையை நம் உறுப்பினர்கள் ஏற்க வேண்டாம் என்பதே எங்கள் ஆலோசனை.

குழுவாக வாங்கினால்

ஒருவர் வாங்கினால் மாதத்தில் பல நாள் மெஷின் சும்மா கிடக்கும். மூன்று நான்கு பேர் சேர்ந்து வேலை எடுக்கிறவர்களாக இருந்தால் சேர்ந்து வாங்குவதே லாபம். கடன் மனுவில் மெஷின் விலையை மட்டும் எழுதாதீர்கள். ஆர்.சி.சி.பி. பெட்டி, இரண்டு பிளேடு, மாஸ்க், கண்ணாடி, காது அடைப்பான், பூட்ஸ், கற்றுக்கொடுப்பவர் கூலி எல்லாம் சேர்த்து மொத்தம் போடுங்கள். பணம் குறைவாக இருந்தால் மெஷினில் சின்னது வாங்கலாம், ஆர்.சி.சி.பி. இல்லாமல் மட்டும் வாங்கக் கூடாது. அது இல்லாத மனுவைத் திருப்பி அனுப்புவது ஊக்குநரின் கடமை.

யார் எடுத்துப் போகிறார், எந்த நிலையில் திரும்பி வந்தது, பிளேடு தேய்மானத்துக்கு எவ்வளவு என்று ஒரு நோட்டு போடுங்கள். பழகாதவர்களுக்கு வாடகைக்கு விடுவதில்லை என்று தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். முன்னோடி வங்கிகள் மாவட்டத்தில் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையத்தில் இலவசப் பயிற்சி கொடுக்கிறார்கள். டைல்ஸ் வேலைக்குப் பயிற்சி வைப்பார்களா என்று பத்துப் பேராகச் சேர்ந்து மனு கொடுங்கள். தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994 முதல் இருக்கிறது. 18 வயது முதல் 60 வயது வரை உள்ளவர்கள் பதியலாம். இதுவரை பதியாத சித்தாள் சகோதரிகள் இந்த மாதமே பதிந்துவிடுங்கள்.

கூலி பேசும்போது ஒரு வார்த்தை. "பொம்பளை வெட்டுற டைல்ஸுக்கு இவ்வளவுதான்" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாம். ஒரே வேலைக்கு ஒரே கூலி என்பது 1976லேயே சட்டமாக வந்தது. 2019ல் வந்த ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அது இருக்கிறது. சதுர அடிக்கு என்ன விலையோ அதுதான் விலை.

மெஷின் பெட்டியில் ஒட்டி வைக்க

1. ஆர்.சி.சி.பி. டெஸ்ட் பட்டன் அமுக்கியாச்சா?
2. பிளக், வயர், எர்த் சரியா? வயர் தாழ்ந்து தொங்குதா?
3. தொட்டியில் கோடு வரை தண்ணீர் இருக்கா?
4. பிளேடு அம்புக்குறி சரியா? மூடி மாட்டியாச்சா?
5. முந்தானை, தாலிக்கொடி, ஜடை, வளையல் பார்த்தாச்சா?
6. மாஸ்க், கண்ணாடி, காது அடைப்பான், பூட்ஸ்?
7. பக்கத்தில் குழந்தைகள் இல்லையே?

ஏழுக்கும் "ஆமா" வந்த பிறகு சுவிட்சைப் போடுங்கள். அடுத்த மாதக் கூட்டத்தில் இதைப் படித்துப் பேசி, உங்கள் குழுவில் டைல்ஸ் வேலை கற்க விரும்புபவர்கள் எத்தனை பேர் என்று பிரதிநிதி மூலம் கூட்டமைப்புக்கு எழுதி அனுப்புங்கள். பேர் சேர்ந்தால் பயிற்சிக்கு நாள் குறிக்கிறோம்.